கயிறு பிடித்தவர்

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் கடலுக்குள் மூழ்கியவரைப் பற்றியே பேசுவர். மூச்சை அடக்கினார், ஆழத்தில் இறங்கினார், சிப்பியை வாரி வந்தார் என்று அவர் திறமையைப் புகழ்வர். அந்தப் புகழ் அவருக்குத் தகும். ஆனால் தோணியின் விளிம்பில் இன்னொருவரும் இருந்தார். குளிப்பவர் கல்லின்மேல் கால் வைத்துக் கீழே இறங்குவார். கல் தரை தொட்டதும் அதை மேலே இழுத்துக்கொள்வதும், கயிறு அசைந்த அக்கணமே ஆளைத் தூக்கிவிடுவதும் தோணியில் இருந்தவர் வேலை. ஒரு நிமிடம், மிஞ்சினால் அதற்குச் சற்றுக் கூடுதல். அதற்குள் அவர் கண்ணோ கையோ தவறினால் கீழே இருப்பவர் உயிருக்கே கேடு. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடி முத்துப்பார்களில் ஆண்டுதோறும் சலாபம் நடந்தது. அதன்பின் நின்றுபோயிற்று. எனினும், கயிறு பிடிக்கும் தொழில் உலகில் வேறு பெயர்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. விளையாட்டுக் களத்தில் அத்தொழிலைச் செய்கிறவர் பயிற்சியாளர். அவரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இத்தொழிலின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்கக் கால்பந்து. அது நாம் ஆடும் கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவானது. கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். பக்கத்துக்குப் பதினொருவர். தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐவர் அருகருகே நிற்பர். அவர்களுள் நடுவில் நிற்பவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பார். அதற்கு மேல் அவ்வைவருக்கும் பந்தோடு பெரும்பாலும் தொடர்பு இல்லை. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கவும் பொதுவாக விதி அவர்களை அனுமதிப்பதில்லை. பாய்ந்து வரும் எதிரிகளை மறித்து, பந்தை எறிபவருக்கு இரண்டு மூன்று வினாடி நேரம் வாங்கித் தருவதே அவர்கள் கடமை. இந்த ஐவருக்கென்றே ஒவ்வோர் அணியிலும் தனிப் பயிற்சியாளர் உண்டு.

அத்தகையவர்களுள் ஒருவர் டான்டே ஸ்கார்நெக்கியா. 1982-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் சேர்ந்து, இடையில் இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, 2013 ஆட்டப் பருவம் முடியும் வரை அங்கேயே பணியாற்றி ஓய்வு பெற்றார். 2016 ஜனவரியில் டென்வர் நகரில் நடந்த முக்கியமான ஆட்டத்தில் அவ்வணியின் முன்வரிசை சிதைந்தது. பந்தை எறியும் டாம் பிரேடி இருபது முறை தாக்குண்டார், அணி தோற்றது. ஓய்விலிருந்த முதியவரை மீண்டும் அழைத்தார்கள். அந்தப் பருவத்திலேயே அணி வாகை சூடியது. 2018 பருவத்திலும் சூடியது. வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், எவரும் கவனிக்காத ஐவரைப் பழக்கும் ஒருவரை அவர்கள் தேடிப்போய் அழைத்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

நம் நாட்டிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். 1909-இல் ஹைதராபாதில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். 1950 முதல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பொறுப்பை ஏற்றார். 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை அவ்வணிக்கே கிடைத்தது. இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளரானார். 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை ஒரு கோலால் வென்று இந்தியா தங்கம் பெற்றது.

மறு ஆண்டே ஹெல்சிங்கியில் இடி விழுந்தது. ஒலிம்பிக் ஆட்டத்தில் யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று. நம்மவருட் பலர் வெறுங்காலோடு ஆடினர். அதன்பின் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. தோற்றவரைத் திட்டிவிட்டு ஓய்வது எளிது. ரஹீம் அடிப்படையிலிருந்து தொடங்கினார். பந்தைத் தானே சுழற்றிக்கொண்டு ஓடாமல் உடனே தோழனுக்குத் தரவேண்டும் என்ற விதியோடு பந்தயங்கள் நடத்தினார். பழகாத காலால் மட்டுமே உதைக்கவேண்டும் என்ற பந்தயங்களும் நடத்தினார். பள்ளியில் எழுத்து வராத பிள்ளைக்கு அந்த எழுத்தையே திரும்பத் திரும்ப எழுதக் கொடுக்கும் ஆசிரியரின் வழி அது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்றது. நெவில் டி'சௌஸா மூன்று கோல் போட்டார். இந்தியாவுக்கு நான்காம் இடம் கிடைத்தது. ஆசியாவிலிருந்து ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதிக்குச் சென்ற முதல் நாடு இந்தியாவே.

அவருடைய தொழில் நுட்பம் முழுவதும் வெளிப்பட்டது 1962-இல், ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 என்று தோற்றோம். பின்பு தாய்லாந்துடன் ஆடுகையில் நம் பின்வரிசையின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. காவல் வரிசையில் நிற்கிறவர் பந்தைத் தலையால் தடுத்தாக வேண்டும்; காயத்தோடு அது இயலாது. மற்றவராயின் அவரை உட்காரவைத்திருப்பார்கள். ரஹீமோ அவரைத் தாக்கும் வரிசையின் நடுவில் நிறுத்தினார். ஜர்னைல் சிங்கின் உடல் வலியும் அஞ்சாமையும் எங்கே பயன்படும், எங்கே பயன்படா என்று அளந்தறிந்தவர்க்கே அந்தத் துணிவு வரும்.

செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. தைவானையும் இஸ்ரேலையும் அப்போட்டிக்கு அழைக்காததைப் பற்றி இந்திய அதிகாரி ஒருவர் குறை கூறியிருந்தமையால், ஜகார்த்தாவில் நம்மவர்மேல் கடுங்கோபம். அரங்கு நிறைந்த கூட்டம் நம் அணியை இகழ்ந்து கூச்சலிட்டது. கோலைக் காத்து நின்றவர் நெடிய உருவினரான பீட்டர் தங்கராஜ். உயரப் பந்தில் வல்ல கொரியரை எதிர்க்க அவரையே ரஹீம் தேர்ந்திருந்தார். முதல் கோலை பி. கே. பானர்ஜி போட்டார். இரண்டாவதைப் போட்டவர் தலையில் கட்டோடு நின்ற ஜர்னைல் சிங். ஆட்டம் 2–1 என்று முடிந்தது, தங்கம் நமதாயிற்று.

அந்நாளில் ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11 அன்று, ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் பெற்றதில்லை. 1970-இல் கிடைத்த வெண்கலமே அதற்குப் பிந்திய பதக்கம். அவரைப் பற்றி ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் வந்தது 2024-இல். அறுபது ஆண்டுகள் கழிந்தபின்.

கோல் போட்டவர் பெயர் மறுநாளே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அவரை அந்த இடத்தில் நிறுத்தியவர் பெயர் ஊருக்குத் தெரிய ஒரு தலைமுறை கடந்துவிடுகிறது. இதனால் அவருக்கு நேரும் இழப்பைவிட நமக்கு நேரும் இழப்பே பெரிது என்று எண்ணுகிறேன். ஆட்டக்காரனைத் தேடுகிறோம், அவனை ஆக்கவல்லவரைத் தேடுவதில்லை. ஒரு ரஹீம் போனபின் இன்னொரு ரஹீமை வளர்க்க வேண்டும் என்று எண்ணாதிருந்தோம். அதன் பயனை இன்றுவரை காண்கிறோம்.

நம் கடற்கரையூர்களின் மணல்வெளியில் மாலைதோறும் சிறுவர்கள் பந்தாடுகிறார்கள். அவர்களுள் ஒருவன் நன்றாக ஆடக் கண்டால் அவனைப் பாராட்டுங்கள். பாராட்டியபின், ‘தம்பி, உனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியராக இருப்பார். கோட்டுக்கு வெளியே நின்று, ஓடுகிற பிள்ளைமேல் வைத்த கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். தோணியின் விளிம்பில் கயிறு பிடித்தவரும் அப்படித்தான் பார்த்திருப்பார்.