தாள் கிழியாமல் படலம் ஒட்டுவது எப்படி?

ஓவியர் சங்கர் தில்லியில் குழந்தைகளுக்கான போட்டியைத் தொடங்கியது 1949-ஆம் ஆண்டில். அதற்கும் பள்ளி விழாக்களுக்கும் படம் வரையும் சிறார் நம் குடும்பங்களிலும் உண்டு. அவர்களுள் சற்று வளர்ந்தோர், வண்ணம் படக்கூடாத இடங்களை மறைக்க மாஸ்கிங் பிலிம் என்னும் ஒட்டும் படலத்தைப் பயன்படுத்துகின்றனர். வண்ணம் தீட்டும்வரை யாவும் நலமே. உரிக்கும்போதுதான் தாளின் மேற்பரப்பும் பஞ்சு பஞ்சாகக் கூடவே வந்துவிடுகிறது. பத்து நாள் உழைப்பு அரை நொடியில் பாழாகிறது.

இதன் காரணம் எளியது. தாள் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். நார்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கக் கஞ்சி போன்ற பொருளை ஆலையில் சேர்க்கின்றனர். அப்பிடிப்பைவிடப் படலத்தின் பசை வலுவாகப் பற்றினால், தாள்தான் தோற்கும். வழவழப்பாக அழுத்திச் செய்த தடித்த தாள் பெரும்பாலும் தாங்கும். கஞ்சி குறைந்த மென்மையான கைத்தாள் தாங்காது.

ஆகவே முதற்கண், அதே தாளின் ஓரத்துண்டில் ஒட்டி, வேலை முடிய எத்தனை நேரம் ஆகுமோ அத்தனை நேரம் விட்டு உரித்துப் பார்க்க வேண்டும். நார் எழும்பினால், படலத்தைத் தூய பருத்தித் துணியில் இரண்டொரு முறை ஒட்டி எடுத்துப் பசையின் வேகத்தைத் தணித்துக்கொள்ளலாம். புத்தகத்துக்கு அட்டை போடும் பிளாஸ்டிக் ஒட்டுத்தாளை மலிவு கருதி இதற்கு வாங்குதல் கூடாது. அது நிலையாக ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. பிளேடால் வெட்டுங்கால் படலம் மட்டும் அறுபடும் அளவே கை அழுந்த வேண்டும். தாளில் விழும் கீறலில் வண்ணம் இறங்கிக் கருங்கோடாக நிற்கும்.

தில்லியின் தட்பவெப்பம் தனிச் சங்கடம். மே, ஜூன் வெயிலில் பசை இளகி நார்களுக்குள் புகுந்துவிடும். வெப்பத்துக்கு அஞ்சிக் கூலர் வைத்த அறையில் அமர்ந்தாலோ, ஈரக்காற்றில் தாள் ஊறி வலுவிழக்கும். படலத்தை இரவு முழுதும் விட்டுவைக்காமல் அன்றே எடுத்துவிடுவது நன்று. நீர்வண்ணமாயின் தாள் நன்கு உலர்ந்தபின், ஒரு மூலையைக் கிளப்பி, படலத்தைத் தன்மேலேயே மடித்து, தாளை ஒட்டினாற்போல் மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். செங்குத்தாகத் தூக்கி இழுப்பதே பெரும்பாலான சேதத்துக்குக் காரணம்.

மென்தாளுக்குப் பசையே வேண்டாம். மதுரா, பிருந்தாவனத்தில் சாஞ்சி என்றொரு கலை உண்டு. சிறு கத்தரியால் தாளில் நுட்பமாக உருவங்களை வெட்டி, அதைத் தரையில் பரப்பி, வண்ணப்பொடியைத் தூவி எடுப்பர். நம் கோல அச்சைக் கண்டவர்க்கு இது புதிதன்று. அவ்வாறே வெட்டிய தாளை ஓவியத்தின்மேல் வைத்து, நாணயங்களைப் பாரமாக இட்டு, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வண்ணம் ஒற்றலாம். விளிம்பு அவ்வளவு கூர்மையாக வராது, தாள் பிழைக்கும்.

ஊரிலிருந்து கொணர்ந்த பழைய பத்திரம், ஜாதகம், பாட்டனார் கடிதம் ஆகியவற்றின்மேல் மட்டும் எவ்விதப் படலமும் செலோடேப்பும் படவே கூடாது. சாக்கடல் சுருள்களின் துண்டுகளை 1950-களில் ஜெருசலேமில் அறிஞர்களே ஒட்டுநாடாவால் இணைத்தனர். பசை தோலுக்குள் ஊறிக் கருத்தது. அதை நீக்கும் பணி பல பத்தாண்டுகள் நீண்டது.

நம் ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் 1891-இல் கல்கத்தாவில் தோன்றிப் பின் தில்லிக்கு வந்தது. நைந்த ஏடுகளைப் பசையின்றி, அசிட்டேட் படலமும் மென்தாளும் வைத்து, அசிட்டோன் தோய்த்த பஞ்சால் ஒற்றி இணைக்கும் கைமுறையை 1950-களில் அங்கே வகுத்தனர். ஆயினும் அது பயின்ற கைகளுக்குரிய வேலை. வீட்டில் கிழிசல் கண்டால், ஏட்டை மடிக்காமல் தூய வெண்தாள் உறையில் இட்டு, வெயிலும் ஈரமும் அண்டாத அலமாரியில் வைத்து, தேர்ந்தவரிடம் காட்டுக. மிகச் சிறு கிழிசலாயின் மாவுப்பசையும் மென்தாளும் போதும். பின்னாளில் நீர் தொட்டால் அது விட்டுவிடும்.