தொப்பை குறையலையா? நடையை விட்டுடாதீங்க!

எடை இறங்காதவர்களுக்கும் பலன் உண்டு
சென்னை ஆய்வு சொல்லும் உண்மை

அம்பத்தூர்,

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் காலையில் நடக்கக் கிளம்புவதும், மூன்றாவது மாதம் நிறுத்தி விடுவதும் வாடிக்கையாகி விட்டது.

காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்.

"மூணு மாசமா நடக்கிறேன் சார். தொப்பை ஒரு இஞ்ச் கூட இறங்கலை. அப்புறம் எதுக்கு வீணா காலை வலிக்க வைக்கணும்?"

இது தப்புக் கணக்கு. தொப்பை அப்படியே இருந்தாலும் நடை உள்ளுக்குள் வேலை செய்கிறது. இதை நிரூபித்தது நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். அதன் விவரம் வருமாறு:-

531 பேர்

டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையிலான சென்னை டாக்டர்கள் 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் 35 முதல் 55 வயதுக்குள். பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தினர். சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை. ஆனால் வாசற்படி வரை வந்து விட்டது. அப்படிப்பட்டவர்கள்.

இவர்கள் நான்கு கோஷ்டியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு கோஷ்டிக்கு வழக்கமான புத்திமதி மட்டும். இரண்டாவது கோஷ்டிக்கு தினமும் அரை மணி நேரம் வேக நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு. மூன்றாவது கோஷ்டிக்கு மாத்திரை. நான்காவதுக்கு இரண்டும்.

மூன்று வருடம் இப்படிப் போயிற்று. முடிவு 2006-ல் வெளியானது.

சும்மா இருந்த கோஷ்டியில் 100-க்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்து விட்டது. நடந்த கோஷ்டியில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதாவது மாத்திரை செய்த வேலையை நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் செய்து விட்டன.

இதில் பெரிய அதிசயம் என்ன தெரியுமா? நடந்த கோஷ்டிக்கு எடை ஒன்றும் பிரமாதமாகக் குறையவில்லை! அப்படியும் நோய் தள்ளி நின்றது.

லண்டன் கண்டக்டர்

இதே கதை லண்டனிலும் நடந்திருக்கிறது. ஜெரி மாரிஸ் என்ற டாக்டர் அந்த ஊர் மாடி பஸ் ஊழியர்களைப் பரிசோதித்து 1953-ல் முடிவை வெளியிட்டார்.

டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பவர். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குபவர். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகமாக வந்தது.

'டிரைவர்கள் குண்டாக இருந்திருப்பார்கள், அதனால்தான்' என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். மாரிஸ் விடவில்லை. யூனிபார்ம் பேண்ட்டின் இடுப்பு அளவையே எடுத்துப் பார்த்தார். ஒல்லி டிரைவரை விட ஒல்லி கண்டக்டருக்கும், குண்டு டிரைவரை விட குண்டு கண்டக்டருக்கும் ஆபத்து குறைவாகவே இருந்தது!

தசைதான் காரணம்

சாப்பாட்டில் இருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக் கொள்வது தசை. நடக்கும் போது காலில் உள்ள பெரிய தசைகள் சர்க்கரையை வேகமாக உறிஞ்சுகின்றன. உட்கார்ந்தே இருந்தால் அந்த வேலை படுத்து விடும்.

வயது ஏற ஏறத் தசை கரையும். அதனால் நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுங்கள்.

எவ்வளவு நடை?

வாரத்துக்கு 150 நிமிடம். அதாவது ஐந்து நாள், தினம் அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

'கல்லாவை விட்டு எழுந்திருக்க முடியலையே' என்கிற கடைக்காரர்கள் பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம். அதுவும் கணக்கில் சேரும். சாப்பிட்ட பிறகு நடந்தால் சர்க்கரை எகிறாது. ஆபீஸ் போகிறவர்கள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கலாம்.

எங்கே நடப்பது?

ஆவடிக்காரர்களுக்கு 2019-ல் திறக்கப்பட்ட பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெருவோரப் பூங்கா, பள்ளி மைதானம், மொட்டை மாடி.

சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் இருட்டோடு நடப்பது ஆபத்து. நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகள் எதிரே வரும்படி வலது ஓரமாக நடங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். பெண்கள் செயினைக் கழற்றி வைத்து விட்டு, துணையோடு போவது நல்லது.

உஷார்!

ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் 'நடக்கிறோமே' என்று மருந்தை நிறுத்தி விடக் கூடாது. பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். காலில் செருப்போ ஷூவோ இல்லாமல் நடக்க வேண்டாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு விட்டுத் தொடங்க வேண்டும்.

நடக்கும் போது நெஞ்சில் அழுத்தம், இடது கையில் அல்லது தாடையில் வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே உட்கார்ந்து விடுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துக் கொண்டிருக்கக் கூடாது.

நடைக்குப் பலன் கிடைக்கிறதா என்று பெல்ட் ஓட்டையைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காசில்லாமல் பார்க்கிறார்கள். இன்றைக்கு ஒரு முறை பார்த்து எழுதி வைத்துக் கொள்ளுங்கள். மூன்று மாதம் விடாமல் நடந்து விட்டு மறுபடியும் போய்ப் பாருங்கள்.