மூர் மார்க்கெட்

சென்னை சென்ட்ரலை ஒட்டி இருந்த மூர் மார்க்கெட், ஒரே கூரையின்கீழ் நகரத்துக்கு வேண்டிய அத்தனையும் கிடைத்த சந்தை. பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் சந்தை சீர்கெட்டுப்போனதால், மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் இதற்கு அடிக்கல் நாட்டினார். 1900இல் சந்தை திறக்கப்பட்டது. சிவப்புச் செங்கல்லில், இந்தோ சாரசெனிக் பாணியில், வளைவுகள் கொண்ட தாழ்வாரங்களுடன் எழுந்த கட்டடம் அது.

காய்கறி, இறைச்சி, மீன் விற்கத் தொடங்கிய இடம், பிற்காலத்தில் பழைய புத்தகங்கள், கிராமபோன் இசைத்தட்டுகள், கூண்டுப் பறவைகள், வண்ண மீன்களுக்குப் பேர்போனது. தெற்குப் புறநகரான கூடுவாஞ்சேரிப் பக்கத்தவருக்கும் போக்குவரத்து எளிதாக இருந்தது. மின்சார ரயிலில் பார்க் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். புத்தகக் கடைகளில்தான் பேரம் சுவையானது. அட்டை கிழிந்த பாடநூலோ அச்சில் இல்லாத நாவலோ, கேட்ட விலைக்கு யாரும் வாங்கியதில்லை. கைக்காசு குறைந்த மாணவர்கள் பலருக்கு அதுவே நூலகமாக இருந்தது.

1985 மே 30 அன்று தீ அந்தச் சந்தையை அழித்தது. சென்னைக்கு அது ஈடுகட்ட முடியாத இழப்பு. வியாபாரிகள் பலர் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினர். பழைய இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில்கள் புறப்படும் அந்த நிலையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர்.