தழுவலா, தாக்கமா?

1942 மார்ச்சில் அந்தமானைப் பிடித்த ஜப்பானியர், மறு ஆண்டு சென்னையிலும் குண்டு வீசினர். அக்குண்டுவீச்சைப் பின்னணியாகக் கொண்ட மர்மப்படமே எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954). பாட்டே இல்லாத படம்! கொலையாளி யாரென்று நான் சொல்லப் போவதில்லை.

இதனைக் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தின் தழுவல் என்போர் பலர். ஊதியமின்றி விக்கிப்பீடியாவுக்கு உழைக்கும் தொகுப்பாளர் இச்சொல்லை அப்படியே விடலாமா? அங்கே ஒரே நிகழ்ச்சியை நால்வர் நால்விதமாய்ச் சொல்கின்றனர். இங்கோ ஒவ்வொருவரும் வேறொருவர்மீது ஐயங்கொள்கின்றனர். உத்தி ஒன்று, கதை வேறு. ‘தாக்கம்’ என்று திருத்துவதே பொருந்தும்.

ஆனால், நண்பர்களே, கதைச் சுருக்கத்துக்குப் படமே சான்று. தாக்கத்துக்கோ நம் ஊகம் போதாது, அச்சான சான்று வேண்டும். அஃதின்றித் திருத்தினால் அடுத்தவர் பழையபடி மாற்றிவிடுவார். பிறகு உரையாடற் பக்கத்தில் வழக்காட வேண்டியதுதான்.