"அடையாறுக்கு எழுதிட்டாங்க"

நெய்வேலியை ஒட்டிய எங்கள் வடக்குத்துப் பக்கம் புற்றுநோயைப் பெயர் சொல்லிப் பேசுகிறவர்கள் குறைவு. "அடையாறுக்கு எழுதிட்டாங்க" என்றால் போதும், கேட்டவர் அடுத்த கேள்வியை விழுங்கிவிடுவார். "முத்திப்போச்சாம்" என்று யாராவது சொல்லிவிட்டால் பேச்சே நின்றுபோகும்.

அப்படி நோய் முற்றியவர்களையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி. அடையாறு புற்றுநோய் நிலையத்தைக் கட்டி எழுப்பிய சர்ஜன், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் மகன். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி தனி மருத்துவமனை கேட்டு அலைந்தபோது, சாகப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற தொனியில்தான் அரசுத் தரப்பிலிருந்து பதில் வந்தது. ஆனாலும் 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு கதவு திறந்தது.

1957-இல் அதே நேரு நெய்வேலிக்கு வந்து பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வெட்டும் பணியைத் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டுதான் கனடா தந்த கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி அடையாறில் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி தீர்ந்துபோவதைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோபால்ட்டும் அப்படித்தான், சும்மா வைத்திருந்தாலே தீரும். ஐந்தே கால் ஆண்டில் வீரியம் பாதியாகிவிடும். மாற்றாவிட்டால் ஒவ்வொரு நோயாளியும் கருவிக்கு அடியில் கூடுதல் நேரம் படுத்திருக்க வேண்டும்.

வெற்றிலையோடு புகையிலையை அடக்கி அடக்கி வருகிற வாய்ப்புற்று நம் ஊருக்குப் புதிதல்ல. வலிக்காத புண்ணை யார் காட்டப் போகிறார்கள்? காட்டும்போது அது தாடையைத் தொட்டு, கழுத்தில் நெறிகட்டியிருக்கும். அறுவை என்றால் கன்னம், தாடை எலும்பு, கழுத்துக் கட்டிகள் எல்லாம் ஒரே மூச்சில் போக வேண்டும். மிஞ்சுகிற முகத்தோடு சோறு உண்ண வேண்டும், பேச வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும். கிருஷ்ணமூர்த்தியும் அடையாறில் அவரோடு பணியாற்றிய டாக்டர் சாந்தாவும் 1960-களில் மருந்தையும் கதிர்வீச்சையும் இணைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தனிக் கதிர்வீச்சைவிட அதில் பலன் கூடுவதைக் கண்டு, ஆய்வாக எழுதியும் வைத்தார்கள். கத்தி பிடித்தவரே கத்திக்கு மாற்றுத் தேடியதுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

சாந்தா 1955-இல் அரசு வேலையை உதறிவிட்டு வந்தவர். மூன்று ஆண்டுகள் சம்பளமில்லை, பிறகு மாதம் 200 ரூபாய். அவர் முகம் நமக்குத் தெரியும். 1970-இல் பத்மஸ்ரீ பெற்று 2010-இல் மறைந்த கிருஷ்ணமூர்த்தியின் முகம் எத்தனை பேருக்குத் தெரியும்?

இருவரும் வைத்தியத்தோடு நிற்கவில்லை. குடலிறக்கத்தையும் குடல்வாலையும் அறுக்கிற சர்ஜனே புற்றுக்கட்டியையும் அறுத்துக்கொண்டிருந்த நாட்டில், புற்றுநோய் அறுவைக்கென்றே எம்.சிஎச். படிப்பு 1984-இல் அடையாறில்தான் முதன்முதலாகத் தொடங்கியது.

இப்போது எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகிறார்கள். அது பக்கம். ஆனாலும் பஸ்ஸில் மடிமேல் ஸ்கேன் உறையை வைத்திருப்பவரிடம் பக்கத்து சீட்டுப் பெரியவர் குனிந்து கேட்கிறார்: "அடையாறுல ஒரு தடவ காட்டினியாப்பா?"