வாடகையும் கரண்ட் பில்லும்: சிறு மையங்களை நெருக்கும் 20 சதவீதம்

வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகள் எஃப்.சி.-4 ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய டிசம்பர் 31 கடைசி நாள். இது தொடர்பாக வரும் வாசகர் கடிதங்களில் பெரிய தொண்டு நிறுவனங்களின் கடிதங்கள் குறைவு. மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து, சம்பளம் வாங்காமல் மையம் நடத்துபவர்களே அதிகம் எழுதுகிறார்கள். வீட்டுவேலைத் தொழிலாளர்களின் சங்கக் கூட்டம், தூய்மைப் பணியாளர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, நிலப் பிரச்சினைக்காக வக்கீலைச் சந்திப்பது எல்லாம் நடப்பது அந்த அறைகளில்தான். இத்தனை வருடம் உதவிய அறக்கட்டளை இப்போது ஏன் கைவிரிக்கிறது என்பதே பெரும்பாலோரின் கேள்வி.

தவறு மையத்தின் மீதும் இல்லை, அறக்கட்டளையின் மீதும் இல்லை. வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டத்தின் இரண்டு பிரிவுகள் சேர்ந்து செய்யும் வேலை இது.

முதலாவது, 7-வது பிரிவு. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஓர் அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையைப் பதிவு பெற்ற இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரலாம். பதிவு இல்லாத குழுவுக்குக்கூட, மத்திய அரசின் முன் அனுமதியோடு ஒரு பகுதியைத் தரலாம். 2020 செப்டம்பர் திருத்தம் இதை அடியோடு தடை செய்தது. வந்த பணத்தை வாங்கியவரே செலவழிக்க வேண்டும். வேறு யாருக்கும் தரக்கூடாது.

இதற்கு அரசு சொன்ன காரணம் வெளிப்படைத்தன்மை. 2011 முதல் 2019 வரை 19,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவை ரத்து செய்ய நேர்ந்தது என்று மசோதாவின் நோக்க உரை கூறுகிறது. அதே உரை, பலரும் ஆண்டறிக்கை தராததையும் கணக்கைச் சரியாகப் பராமரிக்காததையும் குறிப்பிடுகிறது. கணக்கு தராதவர்களிடம் கணக்கு கேட்க வேண்டியதுதான். ஒழுங்காகக் கணக்கு காட்டும் அறக்கட்டளை, பதிவு பெற்ற சிறு அமைப்புக்குக் காசோலையில் கொடுப்பதை ஏன் நிறுத்த வேண்டும்? அந்த உரையில் இதற்கு விடை இல்லை.

சரி, மையத்துக்குப் பணம் தராமல் அறக்கட்டளையே அந்த அறைகளைத் தன் பெயரில் எடுத்து நடத்தினால் என்ன? இங்கேதான் 8-வது பிரிவு குறுக்கே வருகிறது. நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத உச்சவரம்பை அதே திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்தது. தொண்டுப் பணம் அதிகாரிகளின் சம்பளத்திலும் காரிலும் கரையக்கூடாது என்ற வாதம் கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நிர்வாகச் செலவு என்றால் எது? இந்தச் சட்டத்துக்கான விதிகளில் 5-வது விதியைப் படித்துப் பாருங்கள்: கட்டட வாடகை, பழுதுபார்ப்பு, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி, தபால், எழுதுபொருள், அச்சுக் கூலி, அலுவலகச் சாதனம், சட்ட ஆலோசனைக் கட்டணம்.

இப்போது ஒரு மையத்தின் மாதக் கணக்கு நோட்டைப் பிரித்தால் என்ன இருக்கும்? வாடகை, கரண்ட் பில், தண்ணீர் கேன், ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர், தகவல் உரிமை மனுக்களுக்கான பதிவுத் தபால், வக்கீலுக்குக் கொடுத்த தொகை. ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் 5-வது விதியின் பட்டியலில் இருக்கிறது. வேலை செய்பவர்கள் தன்னார்வலர்கள் என்பதால் சம்பளம் என்ற பத்தியே கிடையாது. இடம் கொடுப்பதே இவர்களின் பணி. அந்தப் பணி முழுவதையும் சட்டம் நிர்வாகம் என்று எண்ணுகிறது. ஆடம்பரத்தைத் தடுக்க வந்ததாகச் சொல்லப்பட்ட வரம்பு, ஆடம்பரமே இல்லாத அமைப்பைத்தான் முதலில் இறுக்குகிறது.

அதே விதியில் ஒரு சின்ன வழி உண்டு. நலப்பணி அமைப்பின் நோக்கத்துக்காக நேரடியாகச் செய்யும் செலவை விலக்கிக்கொள்ளலாம். மருத்துவமனை டாக்டரின் சம்பளம், பள்ளி ஆசிரியரின் சம்பளம் ஆகியவை விதி தரும் உதாரணங்கள். தொழிலாளர் கூடும் அறையின் வாடகையும் நோக்கத்துக்கான செலவே என்று வாதாடலாம். அது நேர்மையான வாதம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தோற்றால் பதிவுக்கே ஆபத்து என்னும்போது எந்த ஆடிட்டர் துணிந்து கையெழுத்திடுவார்?

மையமே நேரடியாகப் பதிவு வாங்கட்டும் என்பார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் முதன்மைப் பணிகளுக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். உண்டியல் குலுக்கி வாடகை கட்டுபவர்கள் 15 லட்சத்துக்கு எங்கே போவார்கள்?

2022 ஏப்ரல் 8 அன்று நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. நிர்வாகிகள் ஆதாருக்குப் பதில் இந்திய பாஸ்போர்ட் தரலாம் என்பது அதில் கிடைத்த ஒரு சலுகை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இந்த ஆண்டு பணமே வரவில்லை. அறிக்கை தர வேண்டுமா? பதிவு பெற்றிருந்தால், ஆம். பூஜ்யம் என்று காட்டித் தர வேண்டும்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி பணம் அனுப்பலாமா? அவர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால், ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் ஆகும்.

உள்ளூர் நன்கொடைக்கும் இந்த 20 சதவீதம் உண்டா? இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே வங்கிக் கணக்கில் போடாதீர்கள்.

சாலை மறியலில் கலந்துகொண்டால் அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்துவார்களா? அரசியல் நோக்கம் இல்லாமல் பொதுப் பிரச்சினைக்காகப் போராடுவதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்று 2020 மார்ச்சில் இன்சாஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தீர்ப்பின் நகல் ஒன்றை மையத்தில் வைத்திருங்கள்.

டிசம்பர் 31 தவறிவிட்டால்? அபராதம் வரும், தாக்கல் செய்யாமலே விட்டால் பதிவு ரத்தாகலாம். கடைசி நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஆடிட்டரைப் பாருங்கள்.