பேஸ் கிட்டாரின் உறுமலும் எர்த் கம்பியும்

விருதுநகரில் பங்குனிப் பொங்கலோ, சிவகாசியில் சித்திரைப் பொங்கலோ, மெல்லிசைக் கச்சேரி மேடையைச் சுற்றி சீரியல் செட், டியூப் லைட், டிம்மர், ஜெனரேட்டர் எல்லாம் இருக்கும். முதல் பாட்டுக்கு முன்பே ஸ்பீக்கர் 'உம்ம்ம்' என்று இரையத் தொடங்கிவிடும். பல நேரம் அந்த இரைச்சலை வாங்கி உள்ளே விடுவது பேஸ் கிட்டார்தான்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. பேஸின் தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் பிறக்கும் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரைச்சலும் இசையும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு! ஈக்வலைசரில் அந்த இடத்தை வெட்டினால் சுரமும் சேர்ந்து போய்விடும். ஆகவே இரைச்சலை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பில், காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று ஓடுகிறது. அதுவும் அதோடு சேர்ந்த ஒயர்களும் காற்றில் உள்ள மின்புலத்தை ஏரியல் மாதிரி வாங்கிக்கொள்கின்றன. வாசிப்பவரின் உடம்பும் இன்னொரு ஏரியல். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் தணிவது அதனால்தான்: உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது.

மைக்கேல் ஃபாரடே 1836-இல் உலோகத்தகடு போர்த்திய பெரிய கூண்டுக்குள் தானே நுழைந்து, வெளியே பாய்ச்சிய மின்சாரம் உள்ளே எட்டவில்லை என்று காட்டினார். அதைத்தான் கிட்டாருக்கும் செய்கிறோம். மரத்தைக் குடைந்த குழியின் சுவரிலும் மேல்தட்டின் அடியிலும் செம்பு டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டி, ஒரு ஒயரால் ஜாக்கின் எர்த் முனையோடு சால்டர் செய்ய வேண்டும். அலுமினியத் தாளும் தடுக்கும். ஆனால் அதில் ஈயம் பிடிக்காது.

எர்த்தோடு இணைக்கும் அந்த ஒயர் இல்லாவிட்டால் டேப் ஒட்டியது வெறும் அலங்காரம். பட்டாசுத் தொழிலாளிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் போகுமுன் எர்த் செய்த தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குபவர் அவர். அங்கே ஒரு பொறியில் உயிர் போகும். இங்கே ஒரு பாட்டு கெடும்.

ஒன்று மட்டும்: ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை இந்தச் செம்பு தடுக்காது. கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் இரைச்சல் கூடிக் குறைந்தால் காரணம் அதுதான். அதற்கு எதிரெதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் பிக்கப் வேண்டும்.

இரைச்சலை ஒழிக்கிறேன் என்று சிலர் பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னையே உடைத்துவிடுகிறார்கள். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி உயிரிழந்தார். அந்தப் பின்னில் கை வைக்காதீர்கள். மேடையில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை டெஸ்ட் செய்து காட்டச் சொல்லிவிட்டு, பிறகு கிட்டாரைச் செருகுங்கள்.